குழந்தை பேர்ல அக்கவுண்ட், ஓடிபி யார் போனுக்கு போகுது?

ஆறு வயசு பையன் ராத்திரி பதினொன்றரைக்கு பெட்ரோல் போடுவானா? என் டேபிளுக்கு வந்த ஒரு ஸ்டேட்மென்ட்ல போட்டிருந்தான். அக்கவுண்ட் பையன் பேர்ல, கார்டியன் அப்பா, மாசா மாசம் மூணாம் தேதி ஒரு ரவுண்ட் தொகை உள்ள வருது, அதுலேர்ந்து பெட்ரோல் பங்க், ஹோட்டல் பில், ஒரு தடவை கார் டயர் ரெண்டு. இது என் பையன் படிப்புக்கு சேர்க்கற பணம், அதைத் தொடக்கூடாதுன்னு கோர்ட்ல சொன்ன அதே அக்கவுண்ட்.

டிவோர்ஸ் கேஸ், ஜீவனாம்ச கேஸ்ல எல்லாம் கணக்கு தோண்டற வேலை என்னோடது. நான் வக்கீல் இல்ல, வக்கீல் கேட்டா பணம் எங்கேர்ந்து எங்க போச்சுன்னு படம் போட்டு குடுக்கற ஆள், அவ்வளவுதான். ஒளிச்சு வைக்கறதுல ஆண் பெண் வித்தியாசம் எல்லாம் கிடையாது, ரெண்டு பக்கமும் பார்த்தாச்சு, அதனால இதுல நான் 'அவர்'னு எழுதறது யாரா வேணா இருக்கலாம். ஆள் தெரியக்கூடாதுன்னு விவரங்களையும் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.

ஏன் குழந்தை பேரை தேர்ந்தெடுக்கறாங்கன்னா, தம்பி பேர்லயோ ஃபிரெண்டு பேர்லயோ போட்டா அவன் ஏமாத்திட்டுப் போயிடுவானோன்னு பயம் இருக்கும், குழந்தை கேள்வி கேட்காது. ரெண்டாவது, அவர் பேரை வச்சு தேடினா இந்த அக்கவுண்ட் லிஸ்ட்ல வராம போக நிறைய சான்ஸ் இருக்கு. எல்லாத்தையும் விட பெரிய காரணம், நீங்க அதைப் பத்தி வாயைத் திறந்தாலே 'குழந்தை காசு மேல கண்ணு வைக்கறா'ன்னு ஆயிடும், இதுக்கு பயந்தே நிறைய பேர் வாயை மூடிக்கறாங்க.

நான் எந்த கேஸ்லயும் முதல்ல பார்க்கறது அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குங்கறதை இல்ல. அந்தப் பணத்தை இன்னைக்கு வெளிய எடுக்கணும்னா யார் கை வைக்கணும், ஓடிபி யார் போனுக்கு போகுது, எடுத்தா அது யார் அக்கவுண்ட்ல வந்து விழும். இந்தக் கேள்வியை வச்சுப் பார்த்தா 'குழந்தை பேர்ல' இருக்கற எல்லாமே ஒரே மாதிரி இல்லன்னு புரியும்.

உதாரணத்துக்கு யூகேல ஜூனியர் ஐஎஸ்ஏ, குழந்தை பேர்ல போடற வரியில்லாத சேமிப்பு அக்கவுண்ட். வருஷத்துக்கு 9,000 பவுண்ட் வரைக்கும் போடலாம், போட்டது குழந்தைக்கு 18 ஆகற வரைக்கும் பூட்டுதான், அப்பா அம்மா நினைச்சா திரும்ப எடுக்க முடியாது. பிரியப் போற நேரத்துல வேகவேகமா அதுல கொட்டினா அது ஒரு பிரச்சனைதான், ஆனா அவர் நாளைக்கு அதை எடுத்து கார் வாங்க முடியாது. இந்தியாவுல செல்வமகள் திட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் உச்சவரம்பு, பொண்ணுக்கு 18 ஆகறதுக்கு முன்னாடி சும்மா எடுக்க முடியாது. அதுல வருஷா வருஷம் ஒழுங்கா கட்டியிருந்தா நான் பெருசா சந்தேகப்படறதில்ல.

அமெரிக்காவுல ரெண்டு விதம் இருக்கு, நம்ம ஆளுங்க இதைத்தான் ரொம்ப குழப்பிக்கறாங்க. யுடிஎம்ஏன்னு சொல்ற கஸ்டோடியல் அக்கவுண்ட்ல போட்டா அது திரும்ப வாங்க முடியாத பரிசு, பணம் சட்டப்படி குழந்தையோடது, அப்பா வெறும் பார்த்துக்கற ஆள். அதை அவர் சொந்த செலவுக்கு எடுத்தா அது குழந்தை பணத்தை எடுத்ததுதான், அங்க உங்க கேஸ் 'எனக்கு பங்கு குடு' இல்ல, 'எடுத்ததை திருப்பி வை'. ஆனா காலேஜுக்காக போடற 529 பிளான் அப்படியே உல்டா. பேப்பர்ல குழந்தை பேர் பயனாளியா இருக்கும், ஓனர் அப்பாதான். பயனாளியை குடும்பத்துல வேற ஒருத்தருக்கு மாத்தலாம், வேணும்னா தனக்கே எடுத்துக்கலாம், வளர்ந்த தொகைக்கு வரியும் அது மேல 10 சதவீத அபராதமும் கட்டணும், அவ்வளவுதான். கனடாவுல ஆர்ஈஎஸ்பின்னு சொல்ற படிப்புச் சேமிப்புத் திட்டத்துலயும் போட்ட அசலை போட்டவர் திரும்ப எடுக்க வழி இருக்கு, அரசாங்கம் குடுத்த மானியம்தான் திரும்பிப் போகும். ஆக 'அது குழந்தையோட காலேஜ் பணம்'னு ஒரு வரியில சொல்லிட்டு சொத்து லிஸ்ட்ல சேர்க்காம விட்டா விடாதீங்க, ஓனர் யார்னு கேளுங்க.

சாதாரண மைனர் சேவிங்ஸ் அக்கவுண்ட், எஃப்டி இதுலதான் விளையாட்டு நிறைய நடக்குது. பூட்டே கிடையாது, கார்டியன் கையெழுத்து போட்டா போதும்.

சரி, அக்கவுண்ட் இருக்கறதே தெரியாதப்போ எப்படி கண்டுபிடிக்கறது? வட்டிதான் காட்டிக் குடுக்கும், பணத்தை ஒளிக்கறவங்க வட்டியை மறந்துடுவாங்க. ஒரு கேஸ்ல வரி ரிட்டர்ன்ல வட்டி வருமானம்னு 4,800 இருந்துச்சு, அவர் குடுத்த லிஸ்ட்ல அந்த வட்டிக்கு அக்கவுண்ட்டே இல்ல. அந்த வருஷ வட்டி நாலு சதவீதம்னு வச்சுக்கிட்டு திருப்பிப் போட்டா அசல் 1,20,000 வருது. அவ்வளவு பணம் எங்கயோ உட்கார்ந்திருக்கு, எங்கன்னு கேட்டோம், பத்து நாள் கழிச்சு பொண்ணு பேர்ல ஒரு எஃப்டி 'ஞாபகம்' வந்துச்சு.

குழந்தை பேர்ல இருக்கற வட்டி எதுக்கு பெரியவர் ரிட்டர்ன்ல வரணும்னு கேட்பீங்க. இந்த தந்திரம் வரித்துறைக்கு ரொம்ப நாளாவே தெரியும்ங்கறதுதான் காரணம். யூகேல பெத்தவங்க குடுத்த பணத்துக்கு வருஷத்துல 100 பவுண்டுக்கு மேல வட்டி வந்தா அது பெத்தவங்க வருமானம். அமெரிக்காவுல 1986 வரிச் சீர்திருத்தத்துல கிட்டி டாக்ஸ் கொண்டு வந்தாங்க, குழந்தையோட முதலீட்டு வருமானம் ஒரு அளவைத் தாண்டினா பெத்தவங்க ரேட்ல வரி, அதுக்கு 8615னு தனி ஃபார்மே இருக்கு, ரிட்டர்ன் பேக்கெட்டை புரட்டும்போது இந்த நம்பர் கண்ணுல பட்டா நான் காபியை கீழ வச்சுடுவேன்.

இந்தியாவுல வருமான வரிச் சட்டம் மைனர் வருமானத்தை அதிக வருமானம் உள்ள பெத்தவரோட சேர்க்கச் சொல்லுது. அதுலயே உள்ள ஒரு வரியை யாரும் படிக்கறதில்ல: கல்யாணம் முறிஞ்சு போயிருந்தா அந்த வருஷம் குழந்தையை யார் வளர்க்கறாங்களோ அவங்க வருமானத்துல சேரும். அதாவது அவர் ஒளிச்சு வைக்கறார், குழந்தை உங்ககிட்ட வளருது, வட்டிக்கு வரி உங்க தலையில. ஒரு அம்மாவுக்கு அக்கவுண்ட் இருக்கற விஷயமே வரி சம்பந்தமா வந்த லெட்டர்லதான் தெரிஞ்சுது, அவங்க அழறதா சிரிக்கறதான்னு தெரியாம உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான், ஏன்னா அக்கவுண்ட் நம்பர் தேடாம கைக்கு வந்துடுச்சு.

அடுத்தது தேதி. அக்கவுண்ட் ஓப்பன் பண்ண தேதியையும் நீங்க பிரிஞ்ச தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. குழந்தை பொறந்தப்போ ஓப்பன் பண்ணி ஏழு வருஷம் தூங்கிட்டு இருந்த அக்கவுண்ட், வக்கீல் நோட்டீஸ் வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி திடீர்னு முழிச்சுக்கிட்டா அது தற்செயல்னு நம்ப எனக்கு ரொம்ப கஷ்டம். போனஸ் வர்ற மாசம் பாருங்க, சம்பள அக்கவுண்ட்ல போனஸ் வந்து ரெண்டே நாள்ல முக்கால்வாசி குறையும். அப்புறம் திரும்பி வர்ற பயணம், இதுக்குத்தான் பொறுமை வேணும், தீர்ப்பு வந்து ஆறு வாரத்துல அதே தொகை மகன் அக்கவுண்ட்லேர்ந்து அப்பா அக்கவுண்ட்டுக்கு 'லோன் ரிட்டர்ன்'னு குறிப்போட வந்ததை பார்த்திருக்கேன். எட்டு வயசு பையன் அப்பாவுக்கு எப்போ கடன் பட்டான்னு தெரியல.

இப்போ கேட்கற விதம். 'உங்க பேர்ல இருக்கற அக்கவுண்ட் எல்லாம் சொல்லுங்க'ன்னு கேட்டா, அவர் உண்மையையே சொல்லிட்டு தப்பிச்சுடுவார், ஏன்னா அது அவர் பேர்ல இல்லையே. நீங்க ஓனராவோ, ஜாயின்டாவோ, கார்டியனாவோ, கஸ்டோடியனாவோ, கையெழுத்து போடற அதிகாரம் உள்ளவராவோ இருக்கற அல்லது கடந்த அஞ்சு வருஷத்துல இருந்த எல்லா அக்கவுண்ட்டும், மூடினதும் சேர்த்து, அப்படின்னு கேட்கச் சொல்லுங்க வக்கீலை. 'மூடினதும் சேர்த்து'ங்கற அந்த ரெண்டு வார்த்தை விட்டுப் போனதால ஒரு கேஸ் ஒரு வருஷம் இழுத்துச்சு, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகல.

இந்தியாவுல 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேகா கேஸ்ல சுப்ரீம் கோர்ட், ஜீவனாம்ச வழக்குன்னா ரெண்டு பேருமே சொத்து, கடன் விவரத்தை அஃபிடவிட்டா குடுத்தே ஆகணும்னு சொல்லிடுச்சு. இங்கிலாந்துல அதுக்கு ஃபார்ம் ஈ, 12 மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டோட. இதுல பொய் சொன்னா அது வெறும் குடும்பச் சண்டை இல்ல, கோர்ட்ல சொன்ன பொய். அங்க 1973 திருமண வழக்குகள் சட்டத்தோட 37வது பிரிவுல கேஸுக்கு முந்தின மூணு வருஷத்துக்குள்ள பணத்தை நகர்த்தி அதனால உங்க பங்கு அடிபட்டா, உங்களை ஏமாத்தத்தான் செஞ்சார்னு கோர்ட்டே எடுத்துக்கலாம், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. தீர்ப்பு முடிஞ்சு போச்சேன்னு உட்கார்ந்துட வேண்டாம், 2015ல யூகே சுப்ரீம் கோர்ட் ஒரே நாள்ல ரெண்டு கேஸ்ல, வேணும்னே மறைச்சிருந்தா பழைய செட்டில்மென்ட்டை திரும்ப திறக்கலாம்னு சொல்லிச்சு.

நேரா பேங்க்குக்கு போய் நான்தான் அம்மான்னு சொல்லி ஸ்டேட்மென்ட் கேட்காதீங்க, அங்க கார்டியன்னு பதிவானவரோடதான் பேசுவாங்க. கோர்ட் ஆர்டர் வேணும், இந்தியாவுல பேங்க் பதிவேட்டை வரவழைக்க 1891லேர்ந்தே ஒரு சட்டம் இருக்கு. அவரோட மெயிலை திறந்து பார்க்கறது, பழைய லேப்டாப்ல பாஸ்வேர்ட் சேவ் ஆகியிருக்குன்னு உள்ள போறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 2010ல இங்கிலாந்து அப்பீல் கோர்ட் இமர்மன் கேஸ்ல அப்படி காப்பி எடுத்த டாக்குமென்ட்டை திருப்பிக் குடுன்னு சொல்லிடுச்சு, சரியான விஷயத்தை தப்பான வழியில எடுத்து அவங்களே மாட்டிக்கிட்டாங்க. அதே மாதிரி குழந்தைகிட்ட 'அப்பா உன் பேர்ல பேங்க்ல ஏதாவது வச்சிருக்காரா'ன்னு கேட்கறதும். அது அடுத்த தடவை அங்க போகும்போது அப்படியே சொல்லும், ஒரு வாரத்துல அக்கவுண்ட் காலி.

எல்லாமே திருட்டுன்னும் இல்ல. ஒரு அப்பா வந்தார், மகள் பேர்ல பெரிய தொகை இருக்கு, முன்னாள் மனைவி என் பணத்தை ஒளிச்சுட்டான்னு ஒத்தக்கால்ல நின்னார். ஸ்டேட்மென்ட் வந்துச்சு, பதினோரு வருஷம், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாட்டி அக்கவுண்ட்லேர்ந்து ஒரு தொகை, ஒரு பைசா வெளிய போகல. வக்கீல் ஃபீஸும் என் ஃபீஸும் சேர்த்தா அந்த பேலன்ஸ்ல பாதிக்கு மேல ஆயிருந்துச்சு, ரிப்போர்ட் குடுக்கும்போது எனக்கே சங்கடமா இருந்துச்சு. அதனால இப்போ எல்லாம் முதல் மீட்டிங்லயே கேட்டுடறேன், எவ்வளவு இருக்கும்னு நினைக்கறீங்க, எதை வச்சு சொல்றீங்க.

இன்னொண்ணு, பயத்துல நீங்களும் ஜாயின்ட் அக்கவுண்ட்ல இருக்கறதை எடுத்து குழந்தை பேர்ல போட்டு 'பத்திரமா' வைக்காதீங்க. பண்ணிட்டீங்கன்னா லிஸ்ட்ல நீங்களே முதல் வரியில எழுதிடுங்க, எதிர் பக்கமும் என்னை மாதிரி ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார்.

வரும்போது மூணு வருஷ வரி ரிட்டர்ன், கையில இருக்கற எல்லா ஸ்டேட்மென்ட், குழந்தை பேர்ல வந்த லெட்டர் ஒண்ணு விடாம கொண்டு வாங்க. ஒரு அம்மா ரெண்டு வருஷமா மகன் பேருக்கு வந்த கவரை எல்லாம் 'அவன் பெரியவன் ஆனா பார்த்துப்பான்'னு பிரிக்காம ஒரு பிஸ்கட் டப்பால வச்சிருந்தாங்க. பத்தொன்பது கவர். வக்கீலை பக்கத்துல வச்சுக்கிட்டு பிரிச்சோம், நாலாவது கவர்லயே எஃப்டி ரசீது இருந்துச்சு, மெச்சூரிட்டி தொகை வரவேண்டிய அக்கவுண்ட்னு அப்பாவோட நம்பர் போட்டிருந்துச்சு.