மரத்தூள் சும்மா கிடப்பதில்லை

செங்கோட்டைப் பக்கம் சாரல் தொடங்கிவிட்டால், மரத்தூளை அழுத்தி எரிகட்டையாக்கும் பிரிக்கெட் ஆலை வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். கொதிகலன்களையும் உலர்த்திகளையும் தணிக்கை செய்வது என் தொழில். இம்முறை அழைத்தவர் புளியரைச் சாலையில் வங்கிக் கடன் வாங்கி ஆலை தொடங்கிய இளைஞர். வெளிவரும் கட்டைகள் குறுக்கே வெடித்து, தொட்டால் உதிர்கின்றன; ஆகவே இயந்திரம் விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவருடைய புகார். இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை. 8 முதல் 12 சதவீத ஈரப்பதத்தில் ஊட்டப்பட வேண்டிய ரப்பர் மரத்தூள், முற்றத்தில் ஒரு தார்ப்பாய்கூட இல்லாமல் குவிந்து கிடந்தது; ஒரு கை அள்ளிப் பிழிந்தபோது விரலிடுக்கில் நீர் கசிந்தது.

“தூளு சும்மாதானே சார் கிடக்கு” என்று அவரும் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

முதலில், அது சும்மா கிடப்பதில்லை. புனலூர்ப் பக்கமிருந்து வந்து அறுபடும் ரப்பர் மரத்தின் தூளைக் காளான் வளர்ப்போர் கேட்கிறார்கள், கோழிப்பண்ணைக்காரர்கள் தரையில் பரப்புவதற்குக் கேட்கிறார்கள், செங்கல் சூளைக்காரர்களும் கேட்கிறார்கள். கடன் தவணை கட்டியாக வேண்டிய ஒருவர் நாள்தோறும் லோடு கேட்டு வந்து நிற்கிறார் என்று தெரிந்ததும், அறுவை ஆலைக்காரர் விலையைக் கூட்டுவார். அவர் வியாபாரி, அதில் தவறு இல்லை. அடுத்து, அதில் பாதி தூளே அல்ல. 50 சதவீத ஈரமுள்ள தூளை ஒரு டன் வாங்கினால், மரம் 500 கிலோ, மற்றதெல்லாம் நீர். அதை 10 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் கையில் நிற்பது சுமார் 555 கிலோ. வெளியேறிய நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.7 லட்சம் கிலோகலோரி வெப்பம் வேண்டும். உலர்த்தியின் இழப்புகளையும் கணக்கில் கொண்டால், காய்ந்த எரிபொருளில் 100 கிலோ அளவுக்கு அடுப்புக்கே போய்விடும். எடைமேடையில் ஒரு டன்னுக்குப் பணம் கொடுத்தவர், விற்பதற்கு அரை டன்கூட இல்லாமல் நிற்கிறார். மின்கட்டணம், கூலி, அச்சுத் தேய்மானம் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை. (ஈரத்தூளை உயரமாகக் குவித்தால் உள்ளே தானாகவே சூடேறிப் புகையத் தொடங்கும் என்பதையும் காப்பீட்டுக்காரர் வந்து சொல்லும்வரை பலர் நம்புவதில்லை.)

கட்டையை விட்டுவிட்டு மரத்திலிருந்து நேரடியாகப் பெட்ரோலோ எத்தனாலோ எடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. எடுக்கலாம். பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்காக 2022 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு 100 கிலோலிட்டர் எத்தனால் தரும் திறன் கொண்டது. மரத்துக்குப் பதில் அதற்கு ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோல் வேண்டும். அறுவடைக்குப் பிந்தைய சில வாரங்களில் அதைத் திரட்டி, கட்டி, நனையாமல் ஆண்டு முழுவதும் சேமிப்பது, நொதிக்கவைப்பதற்குச் சளைத்த வேலை அல்ல. அமெரிக்காவில் பைன் மரச் சில்லுகளிலிருந்து பெட்ரோலும் டீசலும் எடுக்க வந்த கியோர் நிறுவனம், பெரும் முதலீடு இருந்தும் 2014 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. நம் ஊரில் காட்டாமணக்கை நட்டவர்களுக்கும் நினைவிருக்கும்: அதன் விதை எண்ணெயிலிருந்து எடுக்கும் எரிபொருளை 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலந்துவிடலாம் என்று 2003இல் போட்ட கணக்கு, மானாவாரி நிலத்தில் விளைச்சல் சொன்னபடி வராததால் நின்றுபோனது.

இந்தத் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனல் மின் நிலையங்களில் நிலக்கரியோடு தாவர எரிபொருளைக் கலந்து எரிக்க மத்திய மின் அமைச்சகம் 2021இல் கொள்கை வகுத்த பிறகு, தூளை அழுத்திச் செய்யும் சிறு குச்சியான பெல்லட் ஒழுங்காக இருந்தால் அதற்குச் சந்தை உண்டு. ஆனால் இயந்திரத்துக்கு விலை பேசுவதற்கு முன் கூரை போட்ட கிடங்குக்கு விலை பேசுங்கள். வாங்கும் தூளுக்கு, ஈரத்தைக் கழித்த உலர் எடையில்தான் பணம் என்று எழுதி வாங்குங்கள். ஒரு சிறிய ஓவனும் நல்ல தராசும் இருந்தால் போதும், ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து 105 பாகை செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து ஈரத்தைக் கண்டுவிடலாம். மே மாத விலையையும் ஈரத்தையும் வைத்து எழுதிய திட்ட அறிக்கையைத் தயவுசெய்து வங்கியில் கொடுக்காதீர்கள். ஜூலையில் தூள் என்ன விலை, எத்தனை சதவீத ஈரம், யார் தருவார் என்பதற்குத் தனிப் பக்கம் இல்லாத அறிக்கையை, எழுதிக்கொடுத்த ஆலோசகரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.