பழைய சரக்கு டிரெய்லரைக் கேம்பராக மாற்றப் போகிறீர்களா?

அமெரிக்காவில் புது டிராவல் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளேயே தங்கிக்கொள்ளும் கேம்பர் வண்டி, ஒன்றின் விலையைக் கேட்டதும், பழைய சரக்கு டிரெய்லரை வாங்கி நாமே மாற்றிக்கொண்டால் என்ன என்று பலருக்கும் தோன்றும். மோசமான யோசனை இல்லை. இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, பிளைவுட் தரை என்று கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் கிடையாது. டெக்சாஸில் டிரெய்லர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். சொந்தக் கையால் மாற்றிய வண்டிகள் எங்களிடம் வரும்போது உள்ளே மரவேலை பெரும்பாலும் பிரமாதமாக இருக்கும். சிக்கல் வேறு இடத்தில். இது சாமான் ஏற்றுவதற்காகச் செய்த பெட்டி. சாமான் மூச்சு விடாது, அவசரத்துக்குக் கதவைத் திறந்துகொண்டு ஓடவும் ஓடாது.

கதவையே எடுத்துக்கொள்வோம். பல டிரெய்லர்களில் பக்கக் கதவுக்கு வெளியே நீளமான கம்பித் தாழ்ப்பாள் இருக்கும். உள்ளே கைப்பிடியே இருக்காது. நீங்கள் உள்ளே தூங்கும்போது யாரோ விளையாட்டுக்கு அந்தக் கம்பியைத் தள்ளிவிட்டால்கூட மாட்டிக்கொள்வீர்கள். தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். உள்ளிருந்து திறக்கிற பூட்டுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். வெளியேற இரண்டாவது வழியும் வேண்டும். கேம்பர் வண்டிகளுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 1192-ம் அதைக் கேட்கிறது. பின்பக்கக் கதவு இருக்கிறதே என்பார்கள். அதன் தாழ்ப்பாளும் வெளியில்தான், போதாக்குறைக்கு அதன் குறுக்கே கட்டிலைப் போட்டிருப்பார்கள். ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னலைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. குளிர் இரவில் இரண்டு பேர் படுத்து எழுந்தாலே தகட்டின் உட்பக்கம் வியர்த்திருக்கும். இதில் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரையும் வைப்பார்கள். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். அவ்வளவும் அறைக்குள்தான், சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொள்ளும். சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சை அடைத்துவைத்த வண்டியைப் பிரித்தால் பஞ்சு நனைந்து, பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்திருக்கும். ஈரம் இழுக்காத ஃபோம் பலகைதான் சரி. கூரையில் 14 அங்குலச் சதுரத் துளையில் பொருந்தும் ஃபேன் ஆர்.வி. (தங்கிப் பயணிக்கும் வண்டி) சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கிறது. ஆனால் காற்று உள்ளே வர கீழே ஒரு வழி இல்லாவிட்டால் அது சத்தம் மட்டும்தான் போடும். புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், கேஸ் அலாரம் மூன்றும் வேண்டும். புரோபேன் காற்றைவிடக் கனமானது, அதனால் கேஸ் அலாரத்தைத் தரையையொட்டி மாட்டுங்கள்.

வாங்கும்போது சுவரைப் பார்ப்பதைவிட அடியில் படுத்துப் பார்ப்பது நல்லது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2318 என்றிருந்தால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டிரெய்லர் ஓடுகிற நாளைவிட வெயிலில் நிற்கிற நாள்தான் அதிகம், ஆகவே டயரின் பட்டன் (தரையில் படும் வரிகள்) தேயாமல் இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ஆறு வயது தாண்டிய டயரை நான் மாற்றச் சொல்லிவிடுவேன். பின்கதவு ஓரத்தில் தரைப் பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், புதைந்தால் பேரம் பேசலாம், அல்லது கிளம்பலாம். கூரையில் சிலிகான் பூசிய தடம் இருந்தால் அது பழைய ஒழுகல். சிலிகான் மேல் வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, சுரண்டி எடுக்கிற வேலை உங்கள் தலையில்தான் விழும்.

எடை விஷயத்தில்தான் நிறைய பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஒற்றை அச்சு டிரெய்லர்களில் பலவற்றின் எடைத் தகட்டில், மொத்த எடை அதிகபட்சம் 2,990 பவுண்ட் என்று அச்சிட்டிருக்கும். 3,000 பவுண்ட் வந்தால் பல மாநிலங்களில் பிரேக் கட்டாயம், அதற்காகவே அந்த எண். வண்டியின் காலி எடையும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். 30 கேலன் தண்ணீர் மட்டுமே 250 பவுண்ட். கட்டில், பேட்டரி, சோலார், அலமாரி எல்லாம் சேர்ந்தால் தகட்டைத் தாண்டிவிடும், பிறகு பிரேக் மாட்டினாலும் தகட்டு எண் மாறாது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பின்மூலையில் வைத்தால் இது குறையும், ஃப்ரீவேயில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் எடை மேடை இருக்கிறது. தொட்டியை நிரப்பி, சாமானை ஏற்றி, ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இப்போதைக்கு இரண்டு. 12 வோல்ட்டில் 1,200 வாட் இன்வெர்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; தடித்த வயரும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இன்னொன்று, வீட்டில் 30 ஆம்பியர் ஆர்.வி. பிளக் பாயிண்ட் வைக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், துணி உலர்த்தும் டிரையருக்குப் போடுவது போல 240 வோல்ட் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த பிளக் 120 வோல்ட்டுக்கானது. மாறிப்போனால் டிரெய்லரில் உள்ள ஏசி, மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன் மல்ட்டிமீட்டரை வைத்து 120 காட்டுகிறதா என்று அவர் கண்முன்னாலேயே பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.