சீனாய் மலை ஏறுகிறவர்கள் தவறவிடும் மடம்

நம் ஊரிலிருந்து புறப்படும் புனித நாட்டுப் பயணங்களில் எகிப்துப் பகுதிக்குப் பெரும்பாலும் ஒரு ராத்திரிதான் ஒதுக்குகிறார்கள். நள்ளிரவு தாண்டி மலையேற்றம், உச்சியில் சூரிய உதயம், இறங்கியதும் பஸ். அடிவாரத்தில் இருக்கும் புனித கேத்தரின் மடத்துக்குக் கிடைப்பது அரைமணி நேரம். அதுவும் கதவு திறந்திருந்தால்! பார்வையாளர்களை விடுவது காலையில் சில மணி நேரம் மட்டும். வெள்ளி, ஞாயிறு பூட்டு. மடம் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தது; அந்தச் சபையின் பண்டிகை நாட்களிலும் பூட்டு. அவர்களுடைய ஈஸ்டர் பெரும்பாலான ஆண்டுகளில் நம்முடையதற்கு வேறு தேதியில் வரும். ஆகவே வியாழன் இரவோ சனி இரவோ மலையேறும்படி திட்டம் இருந்தால், மறுநாள் காலை மதில்சுவரை மட்டும்தான் பார்ப்பீர்கள். முன்பணம் கட்டும் முன்பே கிழமையைக் கேளுங்கள்.

அந்த மதிலுக்குள் அப்படி என்ன இருக்கிறது? முதலில் கோயில். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது. கட்டிய ஆண்டைச் சொல்லும் அக்காலக் கல்வெட்டு எதுவும் இல்லை. காலத்தைக் காட்டிக்கொடுத்தது கூரை மரம். ஓர் உத்தரத்தில் பேரரசருக்கான வேண்டுதல் செதுக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றில் ‘மறைந்த’ அரசி தியோடோராவின் நினைவு. தியோடோரா இறந்தது 548, ஜஸ்டினியன் இறந்தது 565. அந்த இடைவெளியில்தான் கூரை ஏறியிருக்கிறது. மூன்றாவது உத்தரம் கட்டியவர் பெயரைச் சொல்கிறது: அய்லா ஊர் ஸ்தேபானோஸ்.

பீடத்துக்கு மேலுள்ள அரைக்குவிமாடத்தில் இயேசுவின் மறுரூபம் (மலைமேல் ஒளிமயமாக உருமாறிய காட்சி), சிறுசிறு வண்ணச் சில்லுகளால் பதித்த மொசைக். பக்கத்தில் மோசே, எலியா. இருவருமே இந்த மலையில் கடவுளைச் சந்தித்தவர்கள் என்பதால்தான் இந்தக் காட்சி இங்கே. அதற்கும் மேலே, ஜன்னலின் ஒரு புறம் மோசே குனிந்து செருப்பைக் கழற்றுகிறார். மறுபுறம் கட்டளைப் பலகையை வாங்குகிறார். முன்னால் நிற்கும், திருவுருவப் படங்கள் பதித்த தடுப்பும் பெரிய சிலுவையும் பாதியை மறைக்கும். நேராக நின்று எட்டிப் பார்ப்பதை விட, பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. கேட்டு வாதாடாதீர்கள்.

அடுத்தது முட்செடி, எரிந்தும் கருகாமல் நின்று அதன் நடுவிலிருந்து கடவுள் மோசேயிடம் பேசியதாக வேதாகமம் சொல்வது. பலரும் கருவேலம் மாதிரி ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். இது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த, பிளாக்பெர்ரி வகைக் கொடிப்புதர். கோயிலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிற்றாலயத்தின் பீடம் அதன் வேர் இருந்த இடத்தில் அமைந்தது என்பது மடத்து மரபு. அங்கே நுழைபவர், மடத்தின் துறவியே ஆனாலும், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். வெளியே தழைத்துத் தொங்கும் செடியில் இலை பறிப்பது ஆசீர்வாதம் அல்ல, திருட்டு. ஆளுக்கொன்று பறித்தால் எந்தச் செடிதான் தாங்கும்?

படங்களைப் பற்றி ஒரு விஷயம். 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசு திருவுருவப் படங்களைத் தேடித்தேடி அழித்தது. சீனாய் அப்போது முஸ்லிம் ஆட்சியில் இருந்ததால் அந்தக் கை இங்கே எட்டவில்லை. சூடான தேன்மெழுகில் நிறம் குழைத்துத் தீட்டிய 6-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்து படம் தப்பியது அப்படித்தான். முகத்தின் ஒரு பாதி சாந்தம், மறு பாதி கண்டிப்பு. அந்த இரண்டாவது கண்ணைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நபிகள் கைத்தடம் பதித்துக் கொடுத்ததாக மடம் போற்றும் பாதுகாப்புப் பத்திரத்தின் பிரதியும், மதிலுக்குள்ளேயே இருக்கும், எகிப்தை ஆண்ட பாத்திமியர் காலத்து மசூதியும் முஸ்லிம்களோடு மடத்துக்கு இருந்த உறவின் சாட்சிகள். மலைக்கு உங்களை அழைத்துப் போகும் ஜெபலியா பெதூயின்கள் (பாலைவனப் பழங்குடியினர்), தங்கள் முன்னோர் இந்த மடத்தைக் காக்க ஜஸ்டினியன் அனுப்பியவர்கள் என்கிறார்கள். இன்று அவர்கள் முஸ்லிம்கள். மடத்தோடு உள்ள உறவு விட்டுப்போகவில்லை.

சீனாய்ப் பிரதி என்னும் 4-ஆம் நூற்றாண்டு கிரேக்க வேதாகமத்தைக் குப்பைக்கூடையிலிருந்து காப்பாற்றியதாகச் சொன்னவர் ஜெர்மானிய அறிஞர் டிஷன்டார்ஃப். துறவிகள் அதை ஏற்பதில்லை. 1844-இல் 43 ஏடுகளை எடுத்துப்போனார். 1859-இல் பெரும்பகுதியை, திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வாங்கிப்போனார். அது ரஷ்யாவுக்குப் போய், 1933-இல் சோவியத் அரசால் ஒரு லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனிடம் விற்கப்பட்டது. 1975-இல் வடக்கு மதிலையொட்டிய ஓர் அறையில் கண்டெடுத்த குவியலில் இதன் 12 ஏடுகளும் சில துண்டுகளும் இருந்தன. இன்று மடத்திடம் இருப்பவை பெரும்பாலும் அவைதான்.

மலை பற்றிச் சுருக்கமாக. ஒட்டகப் பாதை சுமார் 7 கி.மீ. ஒட்டகம் உச்சி வரை போகாது. கடைசி 750 படிகள் உங்கள் காலில்தான். உச்சி 2,285 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். வேர்வையோடு மேலே போய் உட்கார்ந்தால் உடனே நடுக்கம் பிடிக்கும். உலர்ந்த பனியன் ஒன்றைப் பையில் வையுங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். தலையில் மாட்டும் டார்ச், கையுறை, காற்று புகாத மேலாடை கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறிய பாதையிலேயே இறங்க வேண்டும்.

மற்றவர்கள் 3,000-க்கும் மேற்பட்ட பழைய தவப் படிகளில் இறங்கலாம். வழியில் ஒரு கல் வளைவு வரும். 6-ஆம் நூற்றாண்டில் ஸ்தேபானோஸ் என்ற துறவி (உத்தரத்தில் பெயர் உள்ளவர் வேறு) அங்கே உட்கார்ந்து, மேலே போகிறவர்களின் பாவ அறிக்கையைக் கேட்டு அனுப்புவாராம். மடத்துக் கல்லறையில் இடம் குறைவு என்பதால் எலும்புகளைத் தோண்டி எடுத்து ஓர் அறையில் அடுக்குகிறார்கள். அந்த அறையில் இந்தத் துறவி ஸ்தேபானோஸின் எலும்புக்கூடு, அங்கி போர்த்தியபடி இன்றும் உட்கார்ந்திருக்கிறது.