அவர்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே!

"அந்தத் தொடர்ல வர்ற மாதிரிதான் மேடம் எங்க வீட்லயும். ஆனா அவ்ளோ மோசம் இல்ல." குடும்ப நல ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. அவர்கள் சொல்லும் தொடர் பெரும்பாலும் 'பிக் லிட்டில் லைஸ்'. 2017-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியான எச்.பி.ஓ.வில் ஏழு பகுதிகளாக வந்தது. இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்க: கதையின் முடிவையும் கீழே தொட்டிருக்கிறேன்.

நிக்கோல் கிட்மன் நடித்த செலஸ்ட், வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்பவள். கணவன் பெர்ரி அழகன், வசதியானவன். ஊரே கண்வைக்கும் ஜோடி. வீட்டுக்குள் அவன் அடிக்கிறான். பிறகு உருகுகிறான், கெஞ்சுகிறான், இனி நடக்காது என்கிறான். இறுக்கம், அடி, பிறகு தேனிலவு போன்ற கொஞ்சல் என்று வன்முறை சுழன்று வருவதை அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-லேயே எழுதிவைத்தார். எல்லா வீட்டிலும் இதே வரிசையில் நடப்பதில்லை. ஆனால் நடக்கும் வீடுகளில் ஒருத்தியைக் கட்டிப்போடுவது அந்த மூன்றாவது கட்டம்தான். எப்போது கிடைக்கும் என்று தெரியாத அன்புக்கு மனம் கிடந்து ஏங்கும். தினமும் கிடைக்கும் அன்பு இந்த அளவுக்கு யாரையும் பிடித்துவைப்பதில்லை.

அதனால், மன்னிப்பில் என்ன வார்த்தை வந்தது என்று நான் விடாமல் கேட்பேன். "நான் அடிச்சேன், தப்பு" என்பது ஒன்று. "என்னைக் கை ஓங்க வெச்சுட்டியே" என்பது வேறு. இரண்டாவதில் குற்றவாளி மாறிவிட்டார், கவனித்தீர்களா? இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன்: "இப்போதைக்கு உங்களை நம்ப முடியலை" என்று நீங்கள் சொன்னால், அவரால் அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறதா? "அதான் சாரி சொல்லிட்டேனே" என்று இரண்டாம் நாளே எரிந்து விழுந்தால், அவர் கேட்டது மன்னிப்பு இல்லை. நடந்ததை நீங்கள் மறந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு.

தொடரில் இருவரும் சேர்ந்து ஆலோசகரிடம் போகும் காட்சி எனக்கு மிக முக்கியம். அவன் பக்கத்தில் இருக்கும்வரை செலஸ்ட் பட்டும் படாமலும்தான் பேசுகிறாள். அறைக்குள் சொன்னதற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்குமே! பயம் இருக்கும் உறவில் தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது ஆபத்து. ஒரு கேள்வி கேட்டதும் பதிலுக்கு முன்னால் கண் துணையின் முகத்துக்குப் போனால், அடுத்த முறை இருவரையும் தனித்தனியாகத்தான் பார்ப்பேன்.

அவள் தனியாக வரத் தொடங்கியபின் ஆலோசகர் சொல்வது இதுதான்: நம்பிக்கையான ஒரு தோழியிடம் சொல்லிவை, தனியாக ஒரு வீடு எடு, பிள்ளைகளோடு போனால் உடனே தங்கும்படி அதைத் தயாராக வை. சில பார்வையாளர்களுக்கு இது அவசரமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருத்தி கிளம்பும் நேரமும் கிளம்பிய பின் வரும் நாட்களும்தான் மிகவும் ஆபத்தானவை. கடைசிப் பகுதியில் வீடு எடுத்த விஷயம் பெர்ரிக்குத் தெரிந்ததும் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். "பேசாம வெளிய வந்துடு" என்று அறிவுரை சொல்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் செலஸ்ட் நம்புகிறாள். ஆனால் அவளுடைய இரட்டையரில் ஒருவன்தான் பள்ளியில் ஒரு சிறுமியைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறான்.

ஒரு குறையும் உண்டு. காயங்கள் திரையில் கண்ணுக்குத் தெரிகின்றன. அதனால் உடம்பில் தழும்பில்லாதவர்கள் "நமக்கு அவ்ளோ மோசம் இல்ல" என்று தேற்றிக்கொள்கிறார்கள். சம்பளம் யார் கையில், போனின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், தோழியைப் பார்க்கப் போனால் எத்தனை தடவை அழைப்பு வரும் என்று கேட்டால்தான் நிலைமை தெளிவாகிறது. இப்படி அடக்கி ஆள்வதை இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-ல் குற்றமாக்கின. ஐந்து ஆண்டுவரை சிறை. ஆண்களும் இதில் சிக்குகிறார்கள், வெளியே சொல்ல அவர்களுக்கு இன்னும் கூச்சம்.

2019-ல் வந்த இரண்டாம் பாகத்தில், இறந்துபோன பெர்ரியை நினைத்து செலஸ்ட் ஏங்குகிறாள். இதைக் காட்டியதற்காகவே அந்தத் தொடரை மதிக்கிறேன். "அவரை விட்டு வந்துட்டேன், இப்ப ஏன் மேடம் அழறேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல நாட்களும் நிஜமாகத்தான் இருந்தன, அவற்றுக்காக அழலாம். அழுகை வந்துவிட்டது என்பதற்காகத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

கிளம்பும் எண்ணம் இருந்தால் அடையாளச் சான்று, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை வெளியே ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். நடந்தவற்றைத் தேதியோடு எழுதி, அதையும் வீட்டில் வைக்காதீர்கள். உங்கள் போனை அவர் எடுத்துப் பார்ப்பவர் என்றால், உதவி கேட்பதற்கு வேறு ஒருவரின் போனைப் பயன்படுத்துங்கள்.