மாத்திரை, இடுப்பளவு, இரவுப் பசி

"காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது, தூக்கமும் வருகிறது. ஆனால் எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான், உடம்பு வணங்குவதே இல்லை." பெங்களூரு அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் மனநலப் பிரிவில் அடிக்கடி சொல்லும் குறை இது. அந்தப் பசி நோயாளியின் குணமல்ல, மாத்திரையின் விளைவு. மனநோய்க்குத் தரும் மருந்துகளில் ஓலான்சபின், குளோசபின் இரண்டும் பசியைத் தூண்டி எடையை ஏற்றும். சர்க்கரையும் கொழுப்பும் கூடவே ஏறலாம். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் அடுத்த நிலை. அரிப்பிபிரசோலில் இந்தத் தொல்லை குறைவு.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் போன்ற தடுக்கக்கூடிய உடல்நோய்கள். இதைப் படித்துப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பினால் உடம்பைக் கவனிப்பதும் சேர்ந்தே நின்றுபோகும்.

முதல் மூன்று மாதம்தான் முக்கியம். மாத்திரை தொடங்கும் நாளில் எடை, இடுப்பளவு, பி.பி., வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஐந்தையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எடையை 4, 8, 12ஆம் வாரங்களில் பாருங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரத்தப் பரிசோதனையை 12ஆம் வாரம் மறுபடி செய்து, அதன்பின் வருடந்தோறும் தொடருங்கள். 60 கிலோ இருந்தவர் 3 கிலோ கூடினாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தில் மருந்தை மாற்றவோ மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைச் சேர்க்கவோ வழியுண்டு. 15 கிலோ ஏறிய பிறகு இறக்குவது பெரும்பாடு.

இடுப்பளவு என்றால் பேன்ட் அளவு அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும், டேப்பை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை.

சாப்பாட்டில் முதலில் தொட வேண்டியது சோறல்ல, டீ. சின்ன ஸ்பூனில் இரண்டு சர்க்கரை போட்டால் சுமார் 10 கிராம். நாளுக்கு ஆறு டீ குடித்தால் 60 கிராம், அதாவது 240 கலோரி டீயிலேயே போய்விடும். வாய் உலர்கிறது என்று கூல்டிரிங்க்ஸ் வாங்குபவர்களுக்குப் பல்லும் சேர்ந்து கெடும். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். இரவு மாத்திரை போட்ட பிறகு பசி எழும்பும், அப்போது கைக்கு எட்டுவது பேக்கரி பிஸ்கட்டோ மிக்சரோதான். அவற்றை வீட்டுக்கு வாங்கி வராமல் இருப்பதே பாதி வேலை. வெள்ளரிக்காய், மோர், ஒரு பிடி வறுகடலை எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டில் எல்லாரும் மிக்சர் தின்றுகொண்டு அவரை மட்டும் தடுப்பது நியாயமுமில்லை, நடக்கவும் நடக்காது.

காலை ஐந்து மணி வாக்கிங் இவர்களுக்குச் சரிப்படாது, மாத்திரையின் மயக்கம் தெளிந்திருக்காது. மாலையில் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நாள் அரைமணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். "போய் நடந்துட்டு வா" என்றால் போகமாட்டார்; அம்மாவோ அண்ணனோ கூட நடந்தால் போவார்.

சிகரெட், பீடி விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. புகையில் உள்ள தார், குளோசபினையும் ஓலான்சபினையும் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. புகையைச் சட்டென்று நிறுத்தினால், அதே டோஸில் ஒரு வாரத்துக்குள் இரத்தத்தில் மருந்து கூடிவிடும்: அதிகத் தூக்கம், தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், வலிப்புகூட வரலாம். வார்டில் புகைக்காமல் இருந்தவர் வீட்டுக்கு வந்து பற்றவைத்தால் இதற்கு நேர்மாறு, மருந்தளவு இறங்கி நோய் தலைதூக்கும். ஆகவே நிறுத்தும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். நிக்கோட்டின் கம் இந்த மாற்றத்தை உண்டாக்காது, காரணம் தார்தான். நிறுத்துவது கட்டாயம் நல்லது, சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

குளோசபின் எடுப்பவருக்கு மூன்று நாள் மலம் போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி வலித்தால் அது அவசரம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் எடுப்பவர் தண்ணீரையும் உப்பையும் திடீரென்று குறைக்கக்கூடாது. மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் தானாக வாங்கவும் கூடாது. லித்தியம் எடுப்பவருக்குக் கை நடுக்கம் பெரிதாகி, வாந்தி, பேதி, பேச்சுக் குழறல் வந்தால் அடுத்த வேளை லித்தியம் மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பொது மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டும் மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று சொன்னால் "டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுவது இன்னும் நடக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மனநோயாளிக்கு மற்ற நோயாளிகளுக்குச் சமமான சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் கேட்கலாம். நெஞ்சுவலி என்றால் மட்டும் போனில் நேரம் கழிக்க வேண்டாம். பக்கத்து மருத்துவமனைக்குப் போய், இசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், எடுக்கும்வரை கிளம்பாதீர்கள்.