அறுபது வயதில் ராக்கி மலைப் பாதை: ஒரு நீண்ட சைக்கிள் பயணத்தின் கணக்கு

கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து, அமெரிக்காவும் மெக்சிகோவும் சந்திக்கும் ஆன்டெலோப் வெல்ஸ் என்ற எல்லைச் சாவடி வரை, ராக்கி மலைத்தொடரை ஒட்டியே ஒரு சைக்கிள் பாதை செல்கிறது. ஒருபுறம் விழும் மழைநீர் பசிபிக் பெருங்கடலை நோக்கியும் மறுபுறம் விழுவது அட்லாண்டிக் பக்கமாகவும் ஓடுகிற நீர்பிரி முகட்டை இது பலமுறை குறுக்கே கடப்பதால், இதற்குக் கிரேட் டிவைட் பாதை என்று பெயர். மொன்டானா மாநிலத்தின் மிசோலா நகரிலிருந்து இயங்கும் அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன் 1990களில் இதற்கு வரைபடம் தயாரித்தது. 2018இல் அதன் வடக்கு முனை ஜாஸ்பர் வரை நீட்டப்பட்டது. பான்ஃபிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி சரளைச் சாலையும் மண் சாலையும் வனத்துறை வழிகளும்தான். பந்தயமாக ஓட்டுபவர்களில் முதலிடம் பிடிப்பவர்கள் இதை இரண்டு வாரத்துக்குள் முடித்திருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற பிறகு இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டு இதை முடிப்பவர்களும் இருக்கிறார்கள். நம் அக்கறை இரண்டாம் வகையினரைப் பற்றியது. ஏனெனில் அவர்கள் நம்பியிருப்பது கால் வலுவைவிடக் கணக்கைத்தான்.

வயது உடலிலிருந்து எதை எடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கின் முதல் வரி. முழு மூச்சாக உழைக்கும்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, உடற்பயிற்சி இல்லாதவர்களிடம் முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு வீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களிடம் இந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாக இருக்கலாம். இதயத்தின் உச்சத் துடிப்பும் இறங்குகிறது. 2001இல் முன்வைக்கப்பட்டு இன்றும் பரவலாகப் பயன்படும் சூத்திரத்தின்படி, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் அது கிடைக்கும்: 25 வயதில் சுமார் 190, 60 வயதில் 166. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் இருக்கும் என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. தசையிலும் இழப்பு உண்டு. ஆனால் திடீர் வேகத்துக்கு உதவும் தசை நார்கள்தான் அதிகம் தேய்கின்றன, மெதுவாகவும் களைப்பின்றியும் சுருங்கும் நார்கள் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. அதாவது, நாள் முழுவதும் பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்துக்குத் தேவையான உறுப்புகள் அறுபதிலும் வேலை செய்கின்றன.

இதற்குச் சைக்கிளின் இயல்பே ஒரு துணை. மலையிலிருந்து நடந்து இறங்கும்போது தொடைத் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. மறுநாள் படியிறங்க முடியாமல் செய்யும் வலி பெரும்பாலும் அப்படி நீண்டுகொண்டே உழைப்பதால்தான் வருகிறது. பெடலை மிதிக்கும்போது தசை சுருங்கி உழைக்கிறதே தவிர, பாரத்தோடு நீள்வது மிகக் குறைவு. அதனால்தான் தொடர்ந்து பத்து நாள் நடக்க இயலாத ஒருவரால் பத்து நாள் சைக்கிள் ஓட்ட முடிகிறது. இதே காரணத்தால் சைக்கிள் எலும்புக்குப் போதிய அழுத்தம் தருவதில்லை என்பதும் உண்மை. ஆகவே புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாரத்துக்கு இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சி செய்வது, சைக்கிளில் கூடுதலாக இரண்டு நாள் சுற்றுவதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து. சரிவில் வண்டி சறுக்கி விழுந்தால் சோதிக்கப்படுவது இடுப்பெலும்புதான்.

இனி கியர் கணக்கு. ஓட்டுபவர் 73 கிலோ, வண்டி 14 கிலோ, கூடாரம், உணவு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 13 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 100 கிலோ. 8 விழுக்காடு ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் முன்னே சென்றால் 8 மீட்டர் உயரும் சரளைச் சாலையில், புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 78 நியூட்டன். சரளையில் டயர் உருள்வதற்கான தடை இன்னொரு 20 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 98. அப்படியானால் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 98 வாட் திறன் வேண்டும். இத்தனை மெதுவான வேகத்தில் காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

முன்னே 32 பல், பின்னே 51 பல் கொண்ட கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால், 29 அங்குலச் சக்கரம் சுமார் 1.44 மீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் விநாடிக்கு 1.44 மீட்டர், தேவைப்படும் திறன் 141 வாட். ஒரு மணி நேரம் சீராக 120 வாட் மட்டுமே தரக்கூடிய ஒருவரால் இது இயலாது. அவர் மிதிப்பின் வேகத்தைக் குறைத்து ஐம்பது சுற்றுக்கு இறங்குவார்; அப்போது ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் விழும் அழுத்தம் அப்படியே நீடிக்கிறது. முன்பல்லை 28ஆக மாற்றினால் ஒரு சுற்றுக்கு 1.26 மீட்டர், அதே 60 சுற்றுக்கு 124 வாட். கிட்டத்தட்டக் கைக்கெட்டும் அளவு! சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பல்சக்கரம் செய்யும் இந்த வேலையை, லட்சக்கணக்கில் விலையுள்ள டைட்டானியம் சட்டம் (வண்டியின் ஃபிரேம்) செய்யாது. ஒரு கிலோ எடை குறைத்தால் 100 கிலோவில் ஒரு பங்கு மட்டுமே மிச்சம். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

இந்தப் பாதையின் மிக உயரமான இடம் கொலராடோவின் இண்டியானா கணவாய், சுமார் 3,630 மீட்டர். டெல் நோர்ட்டே என்ற சிறு ஊரிலிருந்து அதற்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏற வேண்டும். ஏற்றத்துக்கும் உருளும் தடைக்கும் சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை சுமார் 1,900 கிலோஜூல். உடல் தன் எரிபொருளில் கால்வாசியை மட்டுமே பெடலுக்குத் தருகிறது, மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஒரு கிலோகலோரி நான்கு கிலோஜூலுக்குச் சற்று மேல். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்வதால், பெடலில் செலவான கிலோஜூல் எண்ணையே உணவின் கிலோகலோரி எண்ணாக எடுத்துக்கொள்ளலாம். ஆக, அந்த ஒரு காலைப்பொழுதுக்கு 1,900 கிலோகலோரி, நம் கணக்கில் முப்பத்தைந்து இட்லிக்கு மேல், சட்னி நீங்கலாக.

கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அங்கே ஒருவரின் நீடித்த திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று கொண்டால், 120 வாட் 96 வாட்டாகிறது. அதே 8 விழுக்காடு ஏற்றத்தில் அது தரும் வேகம் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர், அதாவது நடை வேகம். அந்த வேகத்தில் வண்டியின் சமநிலையைக் காப்பதே தனி உழைப்பு என்பதால், இறங்கித் தள்ளிக்கொண்டு போவது தோல்வியாகாது. அதே வேகத்தைக் குறைந்த செலவில் பெறுவது என்றே அதைப் பார்க்க வேண்டும். நாள் திட்டத்திலேயே தள்ளும் நேரத்தைச் சேர்த்துவிடுபவர்கள் மாலையில் முகாமுக்கு இருட்டும் முன் வந்துவிடுகிறார்கள்.

வயது கூடுவதால் மலைநோய் வரும் வாய்ப்பு கூடுவதில்லை. உயரத்துக்குப் பழக நாள்கள் வேண்டும் என்பதுதான் எல்லோருக்குமான விதி: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. வடக்கிலிருந்து தெற்கே செல்வதில் ஒரு வசதி மறைந்திருக்கிறது. பான்ஃப் சுமார் 1,400 மீட்டரில் இருக்கிறது. வயோமிங்கின் வறண்ட சமவெளி 2,000 மீட்டரை ஒட்டி. கொலராடோவின் உயரங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஐந்து, ஆறு வாரங்களில் உடல் ஆழ்ந்து மூச்சு வாங்கவும் கூடுதல் சிவப்பணுக்களை உண்டாக்கவும் பழகிவிடுகிறது.

அந்த வயோமிங் சமவெளியில் வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. கிரேட் டிவைட் பேசின் என்ற அந்தப் பள்ளத்தில் விழும் மழை எந்தக் கடலுக்கும் போவதில்லை, அங்கேயே ஆவியாகிறது. ஆகவே நீர்நிலைகள் அரிது. ஆறு, ஏழு லிட்டர் சுமந்துகொண்டுதான் இறங்க வேண்டும். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், 67 முதல் 75 வயது வரையான ஆரோக்கியமான ஆண்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் இன்றி வைத்திருந்தார்கள். பிறகு தண்ணீர் கொடுத்தபோது, முதியவர்கள் குறைவாகவே தாகம் உணர்ந்தார்கள், குறைவாகவே குடித்தார்கள். அவர்கள் உடலில் நீர் குறைந்திருந்தது, ஆனால் அதைத் தெரிவிக்கும் மணி மெதுவாக அடித்தது. தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்ற இளமைக்கால வழக்கத்தை இங்கே நம்ப முடியாது. கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும், சிறுநீரின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன 166 என்ற எண்ணே பொருந்தாது. இந்த இரண்டு வகை மாத்திரைகளையும், ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டி.எம்.டி. சோதனையையும் பற்றி, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடித்துவிட வேண்டும்.

உண்ணும் முறையும் மாறுகிறது. தசையைப் பழுதுபார்க்கும் வேலை ஒரு வேளை உணவிலிருந்து தூண்டப்படுவதற்கு, இளைஞருக்கு உடல் எடையில் கிலோவுக்குக் கால் கிராம் புரதம் போதும். வயது முதிர்ந்தவருக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. 73 கிலோ எடையுள்ளவருக்கு அது வேளைக்குச் சுமார் 29 கிராம். வழியில் வரும் பெட்ரோல் நிலையக் கடைகளில் சிப்ஸும் இனிப்புப் பண்டங்களும்தான் அடுக்கி வைத்திருக்கும். பால் பவுடர், வேர்க்கடலை, டின்னில் அடைத்த பீன்ஸ், சூரை மீன் பாக்கெட் ஆகியவற்றைத் தேடி எடுப்பவரின் கால்தான் மறுநாள் காலையில் இலகுவாக இருக்கும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பலருக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. கைப்பிடியில் ஊன்றும் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு, சரளையின் அதிர்வில் நாள் முழுக்க நசுங்குவதால் வருவது இது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கூடாரத்துக்குள் தடுமாறும்போதுதான் விஷயம் உறைக்கும். கைப்பிடியை உயர்த்தி, 2.2 அங்குலத்துக்குக் குறையாத அகல டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவது இதற்கு மருந்து. காற்று இறுக்கமாக இருந்தால்தான் வண்டி வேகமாகப் போகும் என்பது தார்ச் சாலையின் நம்பிக்கை. கரடுமுரடான தரையில் கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. அந்த ஆற்றல் நம் சதையில் அதிர்ந்து வெப்பமாகக் கரைகிறது. மென்மையான டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருள்கிறது.

எஞ்சியிருப்பது நாட்காட்டி. மொன்டானாவின் கணவாய்களில் சில ஆண்டுகள் ஜூன் இறுதிவரை பனி கிடக்கும். கொலராடோவில் செப்டம்பர் முடியும்போது மறுபடி விழத் தொடங்கலாம். ஜூலை 5 அளவில் புறப்பட்டு, நாளுக்குச் சராசரி 65 கிலோமீட்டர் சென்றால் 66 நாள். ஆறு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் இன்னும் 11. மொத்தம் 77 நாள், செப்டம்பர் 20 வாக்கில் முடியும். முதுமையில் குறைவது மிதிக்கும் வலுவைவிடப் பழுதுபார்க்கும் வேகம் என்பதால், அந்தப் பதினொரு ஓய்வு நாள்களைத் தூரத்துக்காக விற்றுவிடக் கூடாது. வடபகுதியில் கிரிஸ்லி கரடிகள் உண்டு. அவற்றுக்கான மிளகுத் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக அனுமதி இல்லை, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடங்களில் உதவி கேட்கச் செயற்கைக்கோள் கருவி ஒன்றும் தேவை.

கணக்கின் கடைசிப் பத்து நாள்களுக்கு இறுக்கமான திட்டம் வைக்கக் கூடாது. காரணம் நியூ மெக்சிகோவின் களிமண். அங்கே கோடையின் பிற்பகுதியில் பருவமழை உண்டு, பெயரும் மான்சூன்தான். பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை மண் சாலையை நனைத்ததும், தட்டையான களிமண் துகள்களுக்கு இடையே நீர் புகுந்து அது பசையாகிறது. டயரில் ஒரு சுற்று ஒட்டியது அடுத்த சுற்றில் சரளையையும் சேர்த்துக்கொண்டு தடிக்கிறது. ஐம்பது மீட்டருக்குள் டயருக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி அடைபட்டுச் சக்கரம் சுற்றுவதே நின்றுவிடும். இழுத்தால் கியர் மாற்றும் கருவி முறியும். அப்போது செய்யக்கூடியது, சாலையோரப் புல்லில் கூடாரத்தை விரித்து, குச்சியால் மண்ணைச் சுரண்டிவிட்டு, வெயிலுக்காகக் காத்திருப்பது மட்டுமே. அந்தக் காற்றின் வறட்சியில் மறுநாள் நண்பகலுக்குள் சாலை பெரும்பாலும் காய்ந்துவிடும்.