முட்டு மாற்றியபின் மடக்குவதைவிட நீட்டுவது முக்கியம்

முட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு மடங்குது?" என்றுதான். தொடக்க வாரங்களில் அதைவிட முக்கியம், கால் முழுசாக நீளுகிறதா என்பது.

வீங்கிய மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும். ஏறக்குறைய 30 டிகிரி மடங்கிக் கிடக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் குறைவு, வலியும் குறைவு. இதைப் பார்த்து வீட்டார் இரக்கப்பட்டு முட்டுக்கடியில் தலையணை வைப்பார்கள். கெடுதல் அங்கேதான் ஆரம்பம். அந்த நிலையிலேயே தழும்புத் திசு இறுகிவிட்டால் கால் பிறகு நேராகாது. நேராகாத காலில் நிற்க, தொடையின் முன்தசை ஓய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் நின்றாலே கடுக்கும்.

துண்டை உருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டு அந்தரத்தில் நிற்கட்டும். 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. அப்படியே தொடையை இறுக்கி, முட்டின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள்; 10 தடவை. முதலில் தசை அசையவே அசையாது. நோயாளியைச் சோம்பேறி என்று ஏசவேண்டாம். வீங்கிய மூட்டிலிருந்து போகும் நரம்புச் செய்தி, தண்டுவடத்திலேயே அந்தத் தசையை அடக்கிவைக்கிறது. காலை உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸை 15-20 நிமிடம் வைத்து வீக்கத்தைக் குறைத்தால் தசை மெல்ல விழிக்கும்.

மடக்கும் பயிற்சியும் வேண்டும்தான்: நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையோடு பின்னுக்கு இழுத்தால் போதும். வசதியாக உட்கார்ந்து எழ 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். குந்தி உட்காரும் கக்கூஸை விட்டுவிடுங்கள். கோயிலில் முட்டுக்குத்துவது சில மாதம் கழித்து, மருத்துவர் சம்மதித்தபின். அப்போதும் தழும்புக்கு வெளிப்பக்கம் பலருக்கு மரத்தே இருக்கும்.

படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. கம்பு, அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். ஆனியாடியிலும் ஐப்பசியிலும் மழை பெய்கிற குமரி மாவட்டத்தில் முற்றத்துப் பாசியைச் சுரண்டாமல் வாக்கரோடு இறங்கவே கூடாது. அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

தைலம் போட்டு உழியும் பழக்கம் இங்கே அதிகம். காயம் ஆறாமல் எண்ணெய் படக்கூடாது. கெண்டைக்கால் விஷயம் அதைவிட ஆபத்து. அங்கே ரத்தம் உறைந்திருந்தால், உழியும்போது கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உறையாமலிருக்க, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொருமுறை பாதத்தை 20 தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலித்தால் அன்றே மருத்துவமனை. திடீரென மூச்சு வாங்கினால் 108.